விளக்கு எரிந்தபின் மேடையில் யார்?

தான்சானியக் கடற்கரையில் பகமோயோ என்றொரு பழைய துறைமுகம் இருக்கிறது. உள்நாட்டிலிருந்து யானைத் தந்தம் சுமந்து வந்த கூலிகளும், விலை பேசப்பட்டுவிட்ட அடிமைகளும் முதன்முதலாகக் கடலைக் கண்ட இடம் அது. ஊர்ப்பெயருக்கு சுவாஹிலி மொழியில் ‘நெஞ்சை இறக்கி வை’ என்று பொருள் சொல்கிறார்கள். சுமையை இறக்கியவன் விட்ட பெருமூச்சு என்று சிலர் விளக்குவார்கள். இனித் திரும்பப்போவதில்லை என்று தெரிந்தவன் தன் நெஞ்சை இந்த மணலிலேயே போட்டுவிட்டுக் கப்பலேறினான் என்று வேறு சிலர். அமெரிக்க பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக் ஆப்பிரிக்காவுக்குப் போன பயணத்தைப் படமாக்கிய சாஷா பலாடினோ, இந்த இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டார். 2008-ல் வந்த அந்த ஆவணப்படத்தின் பெயர் ‘த்ரோ டவுன் யுவர் ஹார்ட்’.

பாஞ்சோ என்றதும் அமெரிக்கத் தென்மாநிலத்து வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் மூதாதை அடிமைக் கப்பலில் வந்தது. காம்பியாவிலும் செனகலிலும் வாழும் ஜோலா மக்களிடம் இன்றும் அகோன்டிங் என்ற வாத்தியம் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு சுரைக்குடுக்கை, அதன்மேல் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், நீண்ட கழி, மூன்று தந்திகள். அவற்றில் ஒன்று குட்டையானது; கட்டைவிரல் அதைத் தொட்டுத் தொட்டு மீளும். நகத்தால் கீழ்நோக்கி அடித்துக் கட்டைவிரலால் குட்டைத் தந்தியைச் சுண்டும் அந்த முறை, பழைய பாஞ்சோ வாசிப்பை அறிந்தவர்களைத் திடுக்கிட வைத்தது. காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜட்டா 2000-ஆம் ஆண்டு அமெரிக்க பாஞ்சோ ஆர்வலர்கள் முன்னால் இந்த வாத்தியத்தைக் கொண்டுவந்து வைத்தபிறகுதான் அந்த உறவு பரவலாகப் பேசப்பட்டது. படத்தில் ஃப்ளெக் தன் பாஞ்சோவுடன் உகாண்டா, தான்சானியா, காம்பியா, மாலி என்று போய் வாசிக்கிறார். படம் வந்ததற்கு அடுத்த ஆண்டு பயணம் எதிர்த்திசையில் நடந்தது. கோரா என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் மாலியின் தூமானி ஜபாத்தே, தென்னாப்பிரிக்கப் பாடகர் வூசி மஹ்லசேலா, மடகாஸ்கரின் கித்தார் கலைஞர் டி’கேரி, தான்சானியாவின் பார்வையற்ற கலைஞர் அனானியா ங்கோலிகா ஆகியோர் அவரோடு அமெரிக்காவைச் சுற்றி வந்தார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் பல்கலைக்கழக அரங்குகளும் இருந்தன.

ஒருநாள் படம், இன்னொருநாள் கச்சேரி என்ற இந்த இணைப்பைப் பல்கலைக்கழகங்கள் இப்போது வழக்கமாகவே செய்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வந்திருக்கும் இந்த வழக்கத்தை அளக்க எனக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு. படம் முடிந்து அரங்கில் விளக்கு எரிகிறது. மேடையில் யார் நிற்கிறார்? திரையில் பார்த்தவர்களில் ஒருவரா, அவர்களைப் பற்றிப் பேசுகிற வேறொருவரா? பார்வையாளர் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்? நான் பார்த்தவரையில், கூட்டத்தின் அளவோ அரங்கின் வசதியோ விளம்பரமோ முடிவு செய்யாததை இந்த ஒரு விஷயம் முடிவு செய்துவிடுகிறது.

இந்தக் கதை அமெரிக்காவில் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. 1963 அக்டோபரில் கானாவின் அதிபர் குவாமே நுக்ரூமா, லெகானிலுள்ள கானா பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தை முறைப்படி திறந்துவைத்தார். நாடு விடுதலையடைந்து ஆறே ஆண்டுகள். ஐரோப்பியர் எழுதிவைத்த கண் வழியாக அல்லாமல், ஆப்பிரிக்கர் தம் கலைகளைத் தாமே படிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய பேச்சின் சாரம். அதற்கு முந்தைய ஆண்டே கானா நடனக் குழு உருவாகியிருந்தது. இசையறிஞர் குவாபெனா என்கேட்டியாவும் நடன ஆசிரியர் மாவேரே ஒப்போக்குவும் அதை வளர்த்தார்கள். கிராமத்தில் இழவுக்கும் திருவிழாவுக்கும் அடித்த முரசைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவரலாமா, வந்தால் அது என்னவாக மாறும் என்ற கேள்வி லெகானில்தான் முதலில் சூடாகக் கேட்கப்பட்டது. என்கேட்டியாவின் ‘ஆப்பிரிக்க இசை’ நூல் 1974-ல் வந்தபின், உலகம் முழுக்க வகுப்பறைகள் அதையே பாடநூலாகக் கொண்டன.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேன்டில் ஹூட் என்ற பேராசிரியர் அதே காலத்தில் ஒரு பிடிவாதம் பிடித்தார். பிற நாட்டு இசையை ஆராய வருகிறவன் முதலில் அதை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு மொழி பேசுகிறவனைப் போல இரண்டு இசையில் புழங்கவேண்டும் என்றார். அவரே கானாவுக்குப் போய், அக்கான் மக்களின் பேசும் முரசான அத்தும்பனைப் பற்றி 1964-ல் ஒரு படமும் எடுத்தார். அத்தும்பன் ஒரு ஜோடி. ஒன்று உச்சம் பேசும், மற்றொன்று தாழ்ந்து பேசும். அக்கான் மொழியில் சொல்லின் ஏற்ற இறக்கமே பொருளைத் தரும் என்பதால், இரண்டு முரசும் சேர்ந்தால் வாக்கியம் உருவாகிவிடும். ஒலித்தட்டில் கேட்டால் வெறும் தாளம். படத்தில் முரசறைபவரின் கையையும் எதிரே நிற்பவரின் முகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது பேச்சு என்று புரியும். ஆவணப்படம் இசைக்குச் செய்யும் பெரிய உதவி இதுவென்று நினைக்கிறேன். ஓசை யாரை நோக்கிப் போகிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

தமிழ் வாசகர் ஒரு கணம் நின்று பார்க்கவேண்டிய இடம் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம். ‘உலக இசை’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகக் கருதப்படும் ராபர்ட் பிரவுன் மிருதங்கம் கற்றவர். அவருடைய ஆய்வேடே மிருதங்கத்தைப் பற்றியது. அவர் அழைப்பின் பேரில் வீணை தனம்மாளின் பேரர் டி. ரங்கநாதன் 1963-ல் அங்கே மிருதங்கம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதனும் பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1969-ல் கானாவின் முரசுக் கலைஞர் ஏப்ரஹாம் அட்ஸென்யா அதே துறைக்கு வந்து சேர்ந்தார். 2016 வரை, நாற்பத்தேழு ஆண்டுகள் கற்பித்தார். ஒரே வளாகத்தில் தனம்மாள் பரம்பரையும் கானாவின் முரசும் பல ஆண்டுகள் சேர்ந்து இருந்தன. ஒரு மாலைநேரக் கச்சேரி நாற்பத்தேழு ஆண்டுக்கு ஈடாகுமா? அட்ஸென்யாவின் நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் பலர் அவருடைய மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், அந்த ஊர்க்காரர்கள். எந்த இடத்தில் எழுந்து ஆடவேண்டும் என்பது தெரிந்த சபை அது.

அப்படிப்பட்ட சபை எப்படி உருவாகிறது என்பதை உங்கள் கையாலேயே பார்க்கலாம். பன்னிரண்டு எண்ணுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு ஆகிய எண்களில் மட்டும் மேசையில் தட்டுங்கள். ஏழு தட்டு. கானா, டோகோ நாடுகளில் வாழும் ஏவே மக்களின் காங்கோகுயி என்ற இரட்டை இரும்பு மணி, பல ஆடல்களில் நிறுத்தாமல் அடிப்பது இந்த அடியைத்தான். இப்போது தட்டிக்கொண்டே காலால் மூன்று மூன்றாகத் தாளம் போடுங்கள். நான்கு காலடி விழும். பிறகு நான்கு நான்காகப் போடுங்கள், மூன்று விழும். மணி மாறவே இல்லை, ஆனால் பாட்டே மாறிவிட்டது போலிருக்கும். திஸ்ரமும் சதுஸ்ரமும் பழகிய நம் காதுக்கு இது அந்நியமல்ல. நாம் ஒரு நடையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வோம். ஏவே ஆடலில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும், ஆடுகிறவர் இரண்டையும் உடம்பில் தாங்குவார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973-ல் கற்பிக்கத் தொடங்கிய ஸி.கே. லட்ஸெக்போவைப் போன்ற ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து, கை வலிக்க வலிக்க இந்த மணியை அடித்துப் பார்த்தவர், பிறகு அதே இசையைப் படத்தில் பார்க்கும்போது வேறு ஆளாகப் பார்க்கிறார்.

வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு 1968-ல் டுமிசானி மராயிரே வந்து சேர்ந்தார். ஜிம்பாப்வேயிலிருந்து, அப்போதைய ரொடீஷியாவிலிருந்து வந்தவர். அவர் நாலைந்து ஆண்டுகள் கற்பித்ததில் ஊரே மாறியது. மாணவர்கள் தாங்களே மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தைச் செய்தார்கள், குழு சேர்த்தார்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1991-ல் தொடங்கிய ஜிம்பாப்வே இசை விழாவுக்கு இந்தக் குழுக்கள்தான் அடித்தளம். இதில் நான் விரும்பிச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. அந்த மரிம்பா ஜிம்பாப்வேயின் தொன்மையான வாத்தியம் அல்ல. புலவாயோவிலிருந்த குவானோங்கோமா இசைக் கல்லூரி 1960 வாக்கில் உருவாக்கியது. ஷோனாவுக்கும் ந்டெபெலேவுக்கும் பொதுவாக, எந்த ஒரு இனத்துக்கும் தனிச்சொத்தாகாத வாத்தியம் வேண்டும் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்தது. ‘பழம்பெரும் ஆப்பிரிக்க மரபு’ என்று அறிவிப்பாளர் மேடையில் சொல்லும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். ஆப்பிரிக்கர்களும் கல்லூரி கட்டினார்கள், சோதனை செய்தார்கள், புதிது கண்டார்கள். அந்த அறிவிப்பு அவர்களிடமிருந்து அதைப் பறித்துவிடுகிறது. மராயிரேவின் மகள் சிவோனிசோ 1976-ல் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்து, ஜிம்பாப்வேயில் வளர்ந்து, கட்டைவிரலால் வாசிக்கும் ம்பீரா இசையின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்றாகி, 2013-ல் முப்பத்தேழு வயதிலேயே மறைந்தார்.

இனி படத்தின் பக்கம். ஆப்பிரிக்காவைப் பற்றிய படங்களை நிறையத் திரையிட்ட வளாகங்களில் பிரெஞ்சு ஆவணப்படக்காரர் ழான் ரூஷின் பெயர் அடிபடாமல் இருக்காது. 1971 மார்ச் 15 அன்று, நைஜர் நாட்டின் சிமிரி என்ற ஊரில் அவர் எடுத்த ‘தூரு, பிட்டி’ படம் ஏறத்தாழ பத்து நிமிடம்தான். ஒரே ஷாட். பயிரை வெட்டுக்கிளியிடமிருந்து காக்கக் காட்டு ஆவிகளை வேண்டி ஆடுகிறார்கள். தூரு, பிட்டி என்பவை அந்தக் காலத்து முரசுகள். பொழுது சாய்கிறது, யார்மேலும் அருள் வரவில்லை. ரூஷ் தோளில் கேமராவுடன் திடலுக்குள் நடக்கிறார். அடிப்பவர்கள் களைத்துப்போய் நிறுத்தப் பார்க்கிறார்கள். கேமரா மட்டும் நகரவில்லை. அதைக் கண்டு அவர்கள் மறுபடி அடிக்கிறார்கள், வேகம் பிடிக்கிறது, ஓர் ஆட்டக்காரர்மேல் ஆவி இறங்கிவிடுகிறது. கேமரா வராமல் இருந்திருந்தால் அருள் வந்திருக்குமா என்று ரூஷே பிறகு தன்னைக் கேட்டுக்கொண்டார். பம்பையும் உடுக்கையும் ஏற ஏறச் சாமியாடியின் கண் மாறுவதைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்தப் படம் விளக்கம் இல்லாமலே புரியும். ஆனால் அங்கே நடந்தது வெறும் பதிவு அல்ல என்பதும் புரியும். பார்க்க வந்தவனும் நிகழ்ச்சிக்குள் ஒரு வாத்தியமாகிவிடுகிறான்.

செனகலின் திரைப்பட இயக்குநர் உஸ்மான் செம்பேன் ரூஷின் பார்வையை ஒப்புக்கொள்ளவில்லை. சிமிரிப் படத்துக்கு முன்பே, 1965-ல் ரூஷை நேருக்கு நேர் சந்தித்தபோது, எங்களைப் பூச்சிகளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள் என்று முகத்துக்கு எதிரே சொன்னார். செம்பேனின் குற்றச்சாட்டு ரூஷின் எல்லாப் படங்களுக்கும் பொருந்தாது என்பது என் எண்ணம். சிமிரிப் படத்துக்கு அது பொருந்தவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வளாகத் திரையிடலுக்கும் முன்னால் அந்தக் குற்றச்சாட்டை உரக்கச் சொல்லவேண்டும். அதைக் கேட்டபிறகு பார்ப்பவர் கண்ணைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து பார்ப்பார்.

அரசியல் நேரடியாக வரும் படங்களில் பல்கலைக்கழகங்கள் திரும்பத் திரும்ப எடுப்பது லீ ஹர்ஷின் ‘அமாண்ட்லா!’ (2002). தென்னாப்பிரிக்க விடுதலைப் போராட்டத்தைப் பாட்டுகளின் வழியாகச் சொல்லும் படம். பாட்டுக் கட்டியவரும் தொழிற்சங்கவாதியுமான வுயிசிலே மினியை 1964-ல் பிரிட்டோரியாவில் தூக்கிலிட்டு, ஆதரவற்றோர் குழியில் புதைத்தார்கள். 1998-ல் அந்த எலும்புகளைத் தோண்டியெடுப்பதோடு படம் தொடங்குகிறது. ஹியூ மசகேலா, மிரியம் மகேபா, அப்துல்லா இப்ராஹிம் எல்லாரும் பேசுகிறார்கள். மனதைப் பிசையும் படம். ஆனால் இதன்பின் வெறும் கச்சேரி வைத்தால் போதாது. அந்தப் பாட்டுகளைக் கூட்டத்துக்கே சொல்லிக்கொடுத்துப் பாட வைக்க ஆள் வேண்டும். அவை தனியாள் பாட்டுகள் அல்ல, கூட்டம் பாடினால்தான் உயிர்பெறும். ஜோஹன்னா ஷ்வார்ட்ஸின் 2015 படம் மாலியைப் பற்றியது. 2012-ல் வடக்குப் பகுதியைப் பிடித்த ஆயுதக் குழுக்கள் இசையையே தடைசெய்தன. தப்பி பமாக்கோவுக்கு ஓடிவந்த இளைஞர்கள் அங்கே ‘சொங்காய் ப்ளூஸ்’ குழுவைத் தொடங்கினார்கள். அந்தக் குழு மேடையேறும் இரவும் இந்தப் படமும் ஒரே வாரத்தில் அமைந்தால், அதைவிடப் பொருத்தமான ஜோடியை யாரும் தேடவேண்டியதில்லை.

இப்படிச் சேர்ப்பதற்குப் பெரிய நிதி இருந்தால்தான் முடியும் என்பார்கள். ஆனால் எடின்பரோவின் ‘ஆப்பிரிக்கா இன் மோஷன்’ விழாவை 2006-ல் தொடங்கியவர் லிசெல் பிஷாஃப். அப்போது அவர் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவி. தான் ஆராயும் படங்களை ஊரில் யாரும் பார்க்க வழியில்லையே என்ற ஆதங்கம் அது. லண்டனில் ராயல் ஆப்பிரிக்கச் சங்கமும் சோவாஸ் கல்லூரியும் சேர்ந்து 2011-ல் ‘ஃபிலிம் ஆப்பிரிக்கா’வைத் தொடங்கின. சோவாஸில் கோரா மரபை ஆராய்ந்த லூசி துரான்தான் 1988-ல் தூமானி ஜபாத்தேயின் முதல் தனி இசைத்தட்டைத் தயாரித்தவர். மாலியிலும் கினியிலும் இசைக் குடும்பத்துப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று படங்களும் எடுத்தார். அறிஞர், தயாரிப்பாளர், படக்காரர் என்று மூன்று வேலையும் ஒருவர் செய்வது பல்கலைக்கழகத்தில்தான் கைகூடும்.

ஆப்பிரிக்க மண்ணிலேயே நடப்பவற்றை இந்தப் பேச்சில் பின்னுக்குத் தள்ளிவிடுகிறோம். டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979-லிருந்து நடக்கிறது. அதை நீண்டகாலமாக நடத்திவருவது குவாஸூலு-நடால் பல்கலைக்கழகத்தின் கலை மையம். நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறி இறங்கிய அதே டர்பன். அதே பல்கலைக்கழகத்தின் முந்தைய வடிவில், 1983-ல் டேரியஸ் புரூபெக் ஜாஸ் பட்டப்படிப்பைத் தொடங்கினார். நிறவெறிச் சட்டம் இன்னும் உயிரோடிருந்த 1988-ல், பல நிற மாணவர்கள் கலந்த ‘ஜாஸ்ஸானியன்ஸ்’ குழு அமெரிக்கா போய் வாசித்துவிட்டு வந்தது. அதிலிருந்த எக்காளக் கலைஞர் ஜானி மெக்கோவா 1994-ல் பெனோனி நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக இசைப்பள்ளி தொடங்கினார். வளாகக் கச்சேரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

குறைகளும் இருக்கின்றன. கானாவில் பிறந்த இசையறிஞர் கோஃபி அகாவு 2003-ல் எழுதிய நூலில், ஆப்பிரிக்கா என்றாலே சிக்கலான தாளம் என்று மேலைப் பல்கலைக்கழகங்கள் ஒரு பிம்பத்தைக் கட்டிவைத்திருக்கின்றன என்று கடுமையாக வாதிட்டார். வளாக நிகழ்ச்சிகளைப் பார்த்தால் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. முரசு வரும், பாட்டின் சொல் வராது. ஐம்பத்துநான்கு நாடுகள் ஒரு ‘ஆப்பிரிக்க இரவு’க்குள் அடங்கிவிடும். படத்துக்கு சப்டைட்டில் இருக்கும், மேடையில் பாடும் பாட்டுக்கு ஒரு வரி மொழிபெயர்ப்புகூட இருக்காது. விசா கிடைக்காமல் கடைசி நேரத்தில் ரத்தாகும் கச்சேரிகள் தனிக்கதை. அப்போதெல்லாம் கலைஞர் இல்லாமல் அவரைப் பற்றிய படம் மட்டும் ஓடும். சிறு கல்லூரி அரங்கு ஒன்றில், மடிக்கணினியின் ஒலிபெருக்கியிலேயே ஒரு முரசுப் படத்தைப் பார்க்க நேர்ந்தது. தாழ்ந்த முரசு அடியோடு காணாமல் போயிருந்தது. முரசறைபவரின் கை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, ஓசை மட்டும் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம் குனிந்து, “தம்பி, அவர் அடிக்கிறாரா, சும்மா கை அசைக்கிறாரா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

பதிவானது யாருக்குச் சொந்தம் என்பது இன்னும் ஆழமான கேள்வி. ஹியூ ட்ரேசி ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் சுற்றிப் பதிவு செய்தவை இன்று தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவர் 1954-ல் நிறுவிய ஆப்பிரிக்க இசை நூலகம்தான் அது. 1950-ல் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் அவர் பதிவு செய்த ‘செமிரோச்சா’ பாட்டு, அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ரோட்ஜர்ஸின் இசைத்தட்டைக் கேட்டு, அந்தப் பெயரையே மாற்றிக் கட்டியது. பாதி மனிதன், பாதி மான் என்று அந்தப் பாடகரைக் கற்பனை செய்துகொண்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு நூலகத்தார் கிப்சிகிஸ் ஊர்களுக்கே திரும்பிப் போனார்கள். உகாண்டாவில் கிளாஸ் வாக்ஸ்மன் பதிவு செய்தவை மகரேரே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்திருக்கின்றன. பார்வையாளர் என்றால் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இருப்பவர் மட்டும்தானா? பாடியவரின் பேரப்பிள்ளைகள் கூடிக் கேட்கும் ஒரு மாலையும் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு நிகழ்ச்சிதான். நான் அதை முதலிடத்தில் வைப்பேன்.

நமக்கு அருகிலேயே இந்த வேலைக்கு இடமிருக்கிறது. குஜராத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்திகளின் இசையை, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தோடு இணைந்திருந்த நசீர் ஜெய்ராஸ்பாய், ஏமி கேட்லின் தம்பதி 2003-ல் ஆவணப்படமாக்கினார்கள். சித்திகளின் மலுங்கா என்ற வில்வாத்தியத்துக்குக் கிழக்கு ஆப்பிரிக்கச் சொந்தங்கள் உண்டு. இலங்கையில் புத்தளம் பக்கத்துச் சிறாம்பையடியில் ஆப்பிரிக்க வழிவந்த ஒரு சிறு சமூகம் இன்னும் மஞ்ஞா என்ற பாட்டைப் பாடுகிறது. பாட்டில் போர்த்துகீசியக் கிரியோல் மொழிச் சொற்கள் இருக்கின்றன. அதைப் பேசத் தெரிந்தவர் அருகிவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஒரு பல்கலைக்கழகம் அந்தப் பாடகர்களை அழைத்து, கைதட்டிப் பாடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், பெரிய செலவொன்றும் ஆகாது.

கடைசியாக, நான் யாருக்கும் பரிந்துரைக்கும் ஒரு படத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்ராவின் லா பகுதியில் லாரி, டிரக் ஓட்டுநர் சங்கம் ஒன்று இருக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் பந்து வைத்த ஹாரன், நம்மூர்ப் பழைய பஸ்ஸில் ‘பாம் பாம்’ என்று அழுத்துவார்களே, அதுதான் அவர்கள் வாத்தியம். அந்தக் காலத்தில் இரவில் காட்டுப் பாதையில் டயர் பஞ்சராகி நின்றால், காற்றடிக்கும் வரை விலங்குகள் நெருங்காமலிருக்க, ஹாரனை அழுத்தியும் சக்கர வளையத்தில் தட்டியும் ஓசை எழுப்பினார்களாம். அதிலிருந்து பிறந்த இசைக்குப் போர் போர் என்று பெயர். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஃபெல்ட், அந்த ஓட்டுநர்களோடு பல ஆண்டு பழகி, அவர்களில் ஒருவரான அஷிரிஃபியின் இறுதிச் சடங்கைப் படமாக்கினார்; படம் 2009-ல் வந்தது. ஓட்டுநர் இறந்தால் ஓட்டுநர்கள்தான் வாசிக்கிறார்கள். சவப்பெட்டிக்கு முன்னால் சிவந்த கண்களோடு பெரியவர்கள் நிற்கிறார்கள். ஒருவர் ரப்பர் பந்தை அழுத்துகிறார், அடுத்தவர் பதில் சொல்கிறார், மூன்றாமவர் இரும்பு வளையத்தில் மணி தட்டுகிறார். செத்துப்போனவர் ஓட்டிய பாதையெல்லாம் அந்த ஓசையில் மறுபடி ஒருமுறை ஓடுகிறது.